மீன் தேடும் பெட்டி: போர்க்கப்பலில இருந்து கயாக் வரைக்கும்

போன செமஸ்டர் லீவுக்கு ஊரில நிக்கேக்க, மெல்பேணில இருக்கிற மச்சானிட்ட இருந்து வட்ஸ்அப்பில மூன்று படம் வந்தது. மூன்றும் பிஷ் பைண்டர், அதாவது தண்ணிக்குக் கீழ மீன் நிக்குதா என்று காட்டுகிற சின்னத் திரை. கீழே ஒரு கேள்வி: "மச்சாள், உப்புத்தண்ணிக்கு, கயாக்கில பூட்ட, இதில எது நம்பிக்கையா இருக்கும்? அப்பாட்டயும் கேட்டுச் சொல்லும்."

அவருடைய அப்பா என்றால் என்ர மாமா. வடமராட்சியில் நாற்பது வருசமாகக் கடலுக்குப் போகிறவர். மச்சான் சனி, ஞாயிறுகளில் போர்ட் பிலிப் குடாவில் கயாக் ஓட்டி மீன் பிடிக்கிறார். ஆனால் மாமாவிடம் அவர் கடல் படிக்கவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மாமா ஃபோனை வாங்கி மூன்று படத்தையும் பெரிசாக்கிப் பார்த்தார். "இது என்ன வேலைக்கெண்டு செய்ததெண்டு முதல்ல கேள். பிறகு நல்லதோ கூடாதோ எண்டு பாப்பம்" என்றார்.

வரலாறு படிக்கிற எனக்கு இது வகுப்பில் கேட்ட கேள்வி மாதிரியே இருந்தது. ஒரு ஆவணத்தை நம்பலாமா என்று பார்க்கும்போது, யார், யாருக்காக, எதற்காக எழுதினார்கள் என்றுதான் முதலில் கேட்கச் சொல்லித் தருகிறார்கள். ஒரு பெட்டிக்கும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம் என்று தேடத் தொடங்கினேன். மச்சானுக்குப் பதில் அனுப்ப இரண்டு கிழமை ஆகிவிட்டது.

கயிறும் ஈயமும்

ஆழம் பார்க்கிற முதல் கருவி ஒரு கயிறும் அதன் நுனியில் ஒரு பாரமும்தான். கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் எழுதிய ஹெரடோட்டஸ், எகிப்துக் கரைக்கு ஒரு நாள் பயணத் தூரத்தில் குண்டு விட்டுப் பார்த்தால் 11 பாக ஆழத்தில் சேறு ஏறி வரும் என்று குறித்திருக்கிறார். ஆழத்தோடு சேற்றையும் அவர் சொல்வதைக் கவனியுங்கள். ஐரோப்பிய மாலுமிகள் ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி விட்டு, அதற்குள் கொழுப்பை அடைத்து இறக்குவார்கள். மேலே வரும்போது அதில் மணல், சேறு, சிப்பித்துண்டு ஏதாவது ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கணிப்பார்கள்.

இதை நான் வாசித்துச் சொன்னபோது மாமா சிரித்தார். அவருடைய தகப்பனும் அப்படித்தானாம், ஈயத்தில கிறீஸ் பூசி இறக்கிப் பார்ப்பாராம். கீழ மண்ணோ, சேறோ, பாரோ என்று தெரிந்தால்தான் எந்த வலை, எந்தத் தூண்டில் என்று முடிவெடுக்கலாம். ஆழத்துக்கு எங்கட ஆட்கள் இன்றைக்கும் 'பாகம்' என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள். இரண்டு கையையும் விரித்துக் கயிறு பிடிக்கிற நீளம் அது. அளவுகோல் அவரவர் உடம்பிலேயே இருந்தது.

மணி, பனிப்பாறை, நீர்மூழ்கி

ஒலியால் ஆழம் பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கு முதலில் தெரிய வேண்டியது, தண்ணீரில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது. 1826இல் ஜெனீவா ஏரியில் கொலடோனும் ஸ்டூர்மும் அதை அளந்தார்கள். ஒரு வள்ளத்தில் இருந்தவர் தண்ணிக்குள் தொங்கிய மணியை அடிக்க, அதே நேரத்தில் வெடிமருந்து பளிச்சென்று எரியும். பல கிலோமீற்றருக்கு அப்பால் மற்ற வள்ளத்தில் இருந்தவர் நீண்ட குழாயைத் தண்ணிக்குள் விட்டுக் காது வைத்திருப்பார். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையிலான நேரத்தை வைத்து, செக்கனுக்கு 1435 மீற்றர் என்று கணக்கிட்டார்கள். கடல்நீரில் அது ஏறக்குறைய 1500. காற்றில் ஒலி போகிற வேகத்தைப்போல நான்கு மடங்குக்கு மேல்.

பிறகு கிட்டத்தட்ட 90 வருசம் இந்த அறிவு பெரிதாகப் பயன்படவில்லை. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியதும் நிலைமை மாறியது. பனிப்பாறையை முன்கூட்டியே அறிய வழி தேடிய ஜெர்மன் இயற்பியலாளர் அலெக்சாண்டர் பேம், 1913இல் எதிரொலியால் ஆழம் அளக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய முறை பனிப்பாறையைவிடக் கடலடியைக் காண்பதற்கே பொருத்தமாக இருந்தது. 1914 ஏப்ரலில் ரெஜினால்ட் ஃபெசென்டன் வட அத்திலாந்திக்கில் ஒரு அமெரிக்கக் கப்பலில் இருந்து ஒலி அனுப்பி, பனிப்பாறையில் பட்டுத் திரும்பிய எதிரொலியைப் பிடித்தார். கடலடியின் எதிரொலியும் அதே கருவியில் கேட்டது.

அதே வருசம் முதலாம் உலகப் போர் தொடங்கியது. இப்போது தேடவேண்டியிருந்தது நீர்மூழ்கிக் கப்பல்களை. பிரான்சில் போல் லாஞ்செவின் குவார்ட்ஸ் பளிங்கைப் பயன்படுத்தினார். சில பளிங்குகளை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் கண்டுபிடித்தவர்கள் கியூரி சகோதரர்கள். லாஞ்செவின் பியேர் கியூரியின் மாணவர். அதையே மறுவளமாகச் செய்து, மின்சாரம் கொடுத்துப் பளிங்கை அதிரவைத்து, காதுக்குக் கேட்காத உயர் ஒலியைத் தண்ணிக்குள் அனுப்பினார். 1918இல் நீர்மூழ்கியின் எதிரொலி கிடைத்தது. இன்றைக்கு மச்சான் கயாக்குக்குக் கீழ பூட்டப்போகிற ட்ரான்ஸ்டியூசரின் தத்துவம் இதுதான். உள்ளே இப்போது குவார்ட்சுக்குப் பதில் பீங்கான் மாதிரியான ஒரு பொருள் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, இந்தப் பெட்டியின் முன்னோர் இரண்டு பேர். ஒன்று கப்பல் மூழ்கிவிடுமோ என்ற பயம். மற்றது எதிரியின் கப்பலை மூழ்கடிக்க வேண்டுமென்ற தேவை. மீன் அதுவரை யாருடைய கணக்கிலும் இல்லை.

இடைஞ்சலாக வந்த மீன்

ஆழம் பார்க்கும்போது நடுவில் சில எதிரொலிகள் வந்தன. கடலடி அளப்பவர்களுக்கு அது இடைஞ்சல். மீன்பிடிக்கிறவர்களுக்கு அதுதான் விசயம். இங்கிலாந்தில் ஹெரிங் மீன் பிடித்த ரொனால்ட் போல்ஸ் என்ற படகுத் தலைவர் 1930களில் தன் படகில் எதிரொலி ஆழமானியைப் பூட்டி, அதில் விழும் அடையாளங்களையும் வலையில் ஏறும் மீனையும் ஒப்பிட்டுக் குறித்து வைத்தார். நோர்வேயில் ஒஸ்கார் சுண்ட் லொஃபோட்டன் பகுதியில் கொட் மீன் கூட்டத்தின் எதிரொலிப் பதிவை 1935இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார்.

போல்ஸ் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கருவி சொன்னதை அவர் அப்படியே நம்பவில்லை, தூக்கியெறியவும் இல்லை. வலையை வைத்துச் சரிபார்த்தார். பிஷ் பைண்டர் வாங்குகிற எல்லோரும் முதல் ஒரு மாதம் செய்யவேண்டியது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கருவி எப்படி ஏமாற்றும் என்பதற்கும் வரலாற்றில் நல்ல உதாரணம் இருக்கிறது. 1942இல் கலிபோர்னியாவுக்கு அப்பால் நீர்மூழ்கி தேடும் ஆய்வுகளின்போது, சில நூறு மீற்றர் ஆழத்தில் ஒரு படை எதிரொலித்தது. கடலடி இன்னும் எவ்வளவோ கீழே. 1945இல் மார்ட்டின் ஜோன்சன் என்ற உயிரியலாளர் அந்தப் படை இரவில் மேலே ஏறி, விடிய இறங்குவதைக் காட்டினார். அது உயிர்களின் கூட்டம்! சின்ன மீன்களும் இறால் மாதிரியான உயிர்களும் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குகின்றன. பொய்த்தரை என்று அதற்குப் பெயர் வந்தது.

போருக்குப் பிறகு நாகசாகியில்

மீனுக்கென்றே செய்து விற்பனைக்கு வந்த முதல் கருவி ஜப்பானில் பிறந்தது. நாகசாகி மாகாணத்தின் குச்சினோட்சு என்ற துறைமுக ஊரில் ஃபுருனோ கியோதகா 1938இல் படகுகளுக்கு மின்சார வேலை செய்யும் ஒரு கடையைத் தொடங்கினார். மீன் இருக்கிற இடத்தில் நீர்க்குமிழி வரும் என்று மீனவர்கள் சொன்னதைக் கேட்டு, குமிழியில் ஒலி தெறிக்குமென்றால் மீனைக் காணலாமே என்று அவரும் தம்பியும் யோசித்தார்கள். போர் முடிந்து கடற்படையின் ஆழமானிகள் கழித்த சாமானாகக் கிடந்தன. அவற்றை வாங்கி மாற்றி அமைத்தார்கள்.

முதலில் படகுக்காரர் நம்பவில்லை. இளம் பெடியள் ஒரு பெட்டியோடு வந்து, பரம்பரையாகக் கடலுக்குப் போகிறவனிடம் மீன் எங்கே என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்? கருவியும் பல தடவை பிழைத்தது. சகோதரர்கள் படகிலேயே ஏறி, மீனவரோடு சேர்ந்து பதிவுகளை வாசிக்கப் பழகினார்கள். 1948இல் கருவி சந்தைக்கு வந்தது. 1949இல் கோட்டோ தீவுகளில் கிடைத்த பெரும் பிடிக்குப் பிறகு மற்றவர்கள் தேடி வந்தார்கள்.

நாகசாகி என்றதும் எங்களுக்கு 1945 ஓகஸ்ட் 9 தான் ஞாபகம் வரும். அதே மாகாணத்தில் மூன்று வருசத்துக்குள், போரில் மிஞ்சிய இரும்பை எடுத்துச் சோற்றுக்கு வழி தேடினார்கள் என்பதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் மேலே வாசிக்கவில்லை.

ஹெரிங் எங்கே போனது?

கதை இதோடு முடிந்தால் நல்ல கதை. ஆனால் நோர்வேக் கரையின் ஹெரிங் மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1950களில் அது உலகின் மிகப்பெரிய மீன் கூட்டங்களில் ஒன்று, மில்லியன் கணக்கான தொன். 1960களில் படகுகளில் சோனார் வந்தது. சுருக்குவலையை இழுக்க இயந்திரக் கப்பி வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அந்தக் கூட்டம் ஏறக்குறைய அழிந்துபோனது. ஐஸ்லாந்தில் ஹெரிங்கை நம்பி வளர்ந்த சிக்லுஃபியோர்துர் நகரம் வெறிச்சோடியது. மீன் திரும்ப ஓரளவு பெருக இருபது வருசத்துக்கு மேல் ஆனது.

முன்பு மீன் குறைந்தால் பிடியும் குறையும். தேடிக் களைத்துப் படகுகள் கரைக்கு வந்துவிடும், மிச்ச மீன் தப்பும். சோனாரோ கடைசிக் கூட்டத்தையும் காட்டிக் கொடுத்தது. பிடி குறையாததால் மீன் குறைவது யாருக்கும் தெரியவில்லை. கருவி பிழைத்ததால் வந்த அழிவு இல்லை இது. கருவி மிகச் சரியாக வேலை செய்ததால் வந்தது.

பச்சைப் பெட்டி

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கடலே இல்லை. அங்கேதான் கார்ல் லோரன்ஸும் அவருடைய மகன்மாரும் 1950களின் இறுதியில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்குக் கையில் தூக்கிச்செல்லும் சோனாரைச் செய்தார்கள். ட்ரான்சிஸ்டர் வந்ததால் பெட்டி சிறிதானது. பச்சை நிறம் என்பதால் 'சின்னப் பச்சைப் பெட்டி' என்றே பெயர் எடுத்தது. 1980களில் எல்சிடி திரை வந்தது. 2000களின் நடுவில் பக்கவாட்டில் பார்க்கும் சோனார் வந்தது. பிறகு ஒரே அதிர்வெண்ணுக்குப் பதிலாக ஒரு வீச்சு முழுவதையும் அனுப்பும் 'சேர்ப்' முறை வந்தது.

கயாக் இதற்கெல்லாம் மூத்தது. ஆர்க்டிக்கின் இனுயிட், அலூட் மக்கள் மிதந்து வந்த மரத்தால் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோல் போர்த்தி, வேட்டைக்குச் செய்த படகு அது. 1970களில் கலிபோர்னியாவில் மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகை வந்தது. மீன்பிடிக்காரர் பெரும்பாலும் வாங்குவது அந்த வகையைத்தான். படத்தைப் பார்த்த மாமா, "இது எங்கட தெப்பம்தானே" என்றார். பிழை என்று சொல்ல முடியாது. தண்ணிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து, அலை உள்ளே ஏறி வெளியே போகிற படகுதான் இரண்டும். கட்டுமரம் என்ற எங்கட சொல்தான் ஆங்கிலத்தில் கட்டமரான் ஆனது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

எங்கட கடல்

ஆக, இந்தக் கருவி கடற்படையில் தொடங்கி, பெரிய படகுக்குப் போய், பிறகு பொழுதுபோக்குக்காரர் கைக்கு வந்தது. இலங்கைக் கடலிலும் எதிரொலியால் மீனை அளந்திருக்கிறார்கள். 1978க்கும் 1980க்கும் இடையில் நோர்வேயின் 'டொக்டர் ஃபிரிட்ஜொஃப் நான்சன்' ஆய்வுக் கப்பல் மூன்று தடவை வந்து இங்கே மீன்வளம் கணக்கிட்டது.

அதற்குச் சில வருசங்களில் எங்கட கடல் மூடப்பட்டது. 1983க்குப் பிறகு வடக்கில் எத்தனை மணிக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை குதிரைவலு எஞ்சின் வைத்திருக்கலாம் என்று கட்டுப்பாடுகள். 90களில் தடைசெய்த பொருட்களின் பட்டியலில் எரிபொருளோடு ரோர்ச்லைற்றுக்குப் போடுகிற பற்றரியும் இருந்தது. பற்றரிக்கே தடை இருந்த ஊரில் பிஷ் பைண்டரைப் பற்றி யார் யோசிப்பது? அந்தக் கடலில் சோனாரும் ராடரும் இருந்தன. அவை தேடியது மீனை இல்லை.

மச்சான் வளர்ந்தது அந்தக் காலத்தில்தான். மாமாவே கடலுக்குப் போகாமல் கரையில் இருந்த வருசங்கள் அவை. மகனைக் கூட்டிக்கொண்டு போய் எந்தப் பனைக்கு நேரே எந்தக் கோபுரம் வந்தால் கீழே பார் இருக்கிறது என்று காட்டிக் கொடுக்க முடியவில்லை. அந்த அறிவு ஒரு தலைமுறைக்குக் கைமாறவில்லை. பிறகு மச்சான் வெளிநாடு போய்விட்டார். தகப்பனிடம் படிக்க வேண்டியதை இப்போது முப்பது வயதுக்கு மேல் ஒரு திரையிடம் கேட்கிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

மச்சானுக்கு நான் எழுதியது

கடைசியில், வாசித்ததையும் மாமா சொன்னதையும் சேர்த்து இப்படி எழுதினேன். உங்களில் யாருக்காவது பயன்படலாம்.

ஒன்று, அதிர்வெண். குறைந்த அதிர்வெண், 50 கிலோஹேர்ட்ஸ் மாதிரி, ஆழம் போகும், ஆனால் படம் மொத்தமாக இருக்கும். 200 கிலோஹேர்ட்ஸ் நுணுக்கமாகக் காட்டும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். கடலில் இன்னும் சீக்கிரம். கடல்நீரில் கரைந்திருக்கும் மக்னீசியம் சல்பேற் இந்த அதிர்வெண்களில் ஒலியை விழுங்குகிறது. அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் ஆகக்கூடிய ஆழம் நன்னீருக்கா கடலுக்கா என்று பார்க்க வேண்டும். போர்ட் பிலிப் குடா 25 மீற்றருக்குள்தான். எங்கட பாக்கு நீரிணைப் பக்கமும் பெரும்பகுதி 15 மீற்றருக்குள். இந்த ஆழத்துக்கு 200 போதும். அதிக வலு என்று சொல்லி விற்பதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இரண்டு, கூம்பு. ஒலி கீழே போகப்போக விரியும். 20 பாகைக் கூம்பு 10 மீற்றர் ஆழத்தில் மூன்றரை மீற்றர் அகலமான வட்டத்தைத்தான் பார்க்கும். அதற்கு வெளியே எவ்வளவு மீன் நின்றாலும் திரை வெறுமைதான்.

மூன்று, உப்பு. ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீற்றர் தண்ணிக்குள் அரை மணித்தியாலம் தாங்கும் என்று அர்த்தம். அந்தச் சோதனை நன்னீரில் செய்வது. கடலில் முதலில் பழுதாவது திரை இல்லை, வயர் பூட்டுகிற இடம். பச்சை பூத்துவிடும். தகரம் பூசிய செப்பு வயரா, பூட்டுகள் இறுக்கமா என்று பாருங்கள். வந்ததும் நல்ல தண்ணியில் கழுவி, துடைத்து, அதற்கென்று விற்கிற கிறீஸ் கொஞ்சம் பூசுங்கள்.

நான்கு, பற்றரி. திரை 0.7 அம்பியர் இழுத்தால், 7 அம்பியர்-மணி பற்றரி கணக்குப்படி பத்து மணித்தியாலம். கணக்கை நம்பாமல் அதில் முக்கால்வாசிக்குத் திட்டம் போடுங்கள்.

ஐந்து, பூட்டுகிற இடம். பிளாஸ்ரிக் உடலுக்குள் இருந்தே ஒலி போகும். ஆனால் நடுவில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் காரியம் கெட்டது. ஃபுருனோ சகோதரர்களுக்கு மீனைக் காட்டியதும் காற்றுத்தான், உங்களுக்கு மீனை மறைப்பதும் காற்றுத்தான். பெரும்பாலான மீன்களில் ஒலி தெறிப்பது வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பையில். அந்தப் பை இல்லாத சுறாவும் திருக்கையும் மங்கலாகவே விழும். மண்ணோடு ஒட்டிக் கிடக்கிற மீன் கடலடியின் எதிரொலிக்குள் மறைந்துவிடும்.

ஆறு, மீன் படம் போட்டுக் காட்டுகிற வசதியை நிறுத்திவிடுங்கள். அது இயந்திரத்தின் ஊகம். எதிரொலியை நீங்களே வாசிக்கப் பழகுங்கள்.

மாமாவுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். திரையில் எந்தப் பக்கம் இப்போ நடக்கிறது என்று கேட்டார். வலது ஓரம் மட்டும் என்றேன். மற்றதெல்லாம்? ஏற்கெனவே கடந்து வந்தது, படம் இடது பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும் என்றேன். "அப்ப இது போன மீன்" என்றார். நான் படிக்கிற பாடத்துக்கும் இது பொருந்தும் என்று அவருக்குச் சொல்லவில்லை.

மச்சான் நடுத்தர விலையில் ஒன்றை வாங்கினார். முதல் நாளே மீன் பிடிபடவில்லை, ஆனால் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலே இருந்த வளைவுகளை விட்டுவிட்டு, அடியில் தடிப்பாக இருந்த கோட்டையே கனநேரம் பார்த்தார். பிறகு ஃபோனை வாய்க்குக் கிட்டப் பிடித்து மகனுக்குக் குரல் அனுப்பினார்.

"தம்பி, அது பார் போல கிடக்கு. ஈயம் ஒண்டு கட்டி இறக்கிப் பார். மண்ணோ பாரோ எண்டு எனக்குச் சொல்லு."